ஐயோனிக் 5: நல்ல வண்டி, நம்ப முடியாத ஒரு பெட்டி

ஹூண்டாய் ஐயோனிக் 5 மின்சாரக் கார் 2023 ஜனவரியில் 44.95 லட்சம் ரூபாய் அறிமுக விலையில் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பாகங்கள் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வரும் வண்டி என்பதால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன்மேல் கூடுதலான அக்கறை இருப்பது இயல்பு. வண்டியின் அழகையும் ஓட்டத்தையும் பற்றி ஏற்கெனவே பலர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது, வாங்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய, ஆனால் ஷோரூமில் யாரும் தாமாகச் சொல்லாத ஒரு செய்தியைப் பற்றி. இந்த வண்டியின் மின் அமைப்பில் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும் வேலையைக் கவனிக்கும் ஐசிசியு என்ற ஒரு பெட்டி, உலகெங்கும் ஐயோனிக் 5 உரிமையாளர்களின் புகார்களில் மிகக் கடுமையானவற்றுக்குக் காரணமாக இருந்து வருகிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனரின் ஐயோனிக் 5-ஐச் சென்னையிலிருந்து திருச்சி வரையிலும் நகருக்குள்ளும் ஓட்டியிருக்கிறேன். 217 பிஎஸ் திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கொண்ட பின்சக்கர மோட்டார், வண்டி நிறைய ஆட்களும் சாமான்களும் இருக்கும்போதுகூடத் தயங்குவதே இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3,000 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் பின்னிருக்கையில் அமரும் பெரியவர்கள் காலை நன்றாக நீட்டிக்கொள்ளலாம். தரையும் சமமாக இருக்கிறது. 72.6 கிலோவாட்-மணி பேட்டரிக்கு, வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அரய் (ARAI) அமைப்பு கூறும் 631 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் எதிர்பார்க்கக் கூடாது என்றாலும், சென்னையிலிருந்து திருச்சிக்குப் போக அது தாராளமாகப் போதும். பின்கண்ணாடிக்கு வைப்பர் இல்லாதது ஐப்பசி, கார்த்திகை மழையில் உண்மையான குறை. அதைத் தவிர ஓட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குறை, ஓட்டும்போது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

மின்சாரக் கார் என்றதும் தரைக்கு அடியில் உள்ள பெரிய பேட்டரியைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஐயோனிக் 5 அமைந்துள்ள இ-ஜிஎம்பி என்ற மின்சாரக் கார் அடித்தளம் 800 வோல்ட் வகையைச் சேர்ந்தது. 350 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 18 நிமிடத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏறிவிடும். அத்தகைய சார்ஜர்கள் நம் சாலைகளில் அரிது என்பது வேறு விஷயம். ஆனால் இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும், வண்டியின் அன்றாடக் காரியங்கள் அனைத்தும், பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்ற ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரியை நம்பியே நடக்கின்றன. கதவுப் பூட்டு, விளக்குகள், திரை, ஸ்டியரிங் உதவி, பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி, ஏர்பேக் ஆகிய எல்லாவற்றுக்கும் மின்சாரம் அங்கிருந்துதான் போகிறது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் எனப்படும் கனமான சுவிட்சை மூடி வைத்திருப்பதும் அதே 12 வோல்ட்தான். அது இறங்கிவிட்டால் கான்டாக்டர் திறந்துகொள்ளும். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் மின்சாரம் இருந்தாலும் வண்டி ஓர் அங்குலம் நகராது.

பெட்ரோல் காரில் 12 வோல்ட் பேட்டரியை ஓட்டத்திலேயே நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டர் செய்கிறது. ஆல்டர்னேட்டர் கெட்டால் ஊர்ப்புறத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றி, பிரஷ் மாற்றி, அல்லது டையோடு தட்டை மாற்றி, மாலைக்குள் கொடுத்துவிடுவார். ஐயோனிக் 5-இல் அந்த வேலையை ஐசிசியு செய்கிறது. பின்னிருக்கைக்கு அடியில் பொருத்தப்பட்டிருக்கும் இந்தப் பெட்டிக்குள் இரண்டு கருவிகள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றிப் பெரிய பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜர் ஒன்று. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தை இறக்கி 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்கும் மாற்றி மற்றொன்று. இடம் மிச்சம், எடை மிச்சம், செலவு மிச்சம் என்று வடிவமைப்பாளர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் உள்ளே ஒரு சிறு மின்னணுக் கூறு எரிந்துபோனால் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற நிலையும் அந்த முடிவோடு சேர்ந்தே வந்துவிட்டது. அதைத் திறந்து பழுது பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எந்த ஊரிலும் இல்லை; இருந்தாலும், கொல்லக்கூடிய மின்னழுத்தம் உள்ள பெட்டியில் கை வைக்கும்படி யாரிடமும் நான் சொல்ல மாட்டேன்.

எரிவது எது என்பதும் வெளிவந்த செய்தியே. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ-விடம் நிறுவனம் தாக்கல் செய்த ஆவணத்தின்படி, ஐசிசியுவுக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணு சுவிட்சுகள், திடீரென எழும் உயர் மின்னழுத்தத்தாலும், மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்வதாலும் நாளடைவில் சேதமடைகின்றன. சேதமடைந்ததும் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வண்டி ஓடுவது, அந்தச் சிறு பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில்தான்.

உரிமையாளர்களின் புகார்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஓட்டிக்கொண்டிருக்கும்போது பின்புறத்திலிருந்து பட்டென்று ஒரு வெடிச்சத்தம் கேட்கிறது. சற்று நேரத்தில் திரையில், மின்சார வண்டி அமைப்பைச் சரிபார்க்குமாறும், பிறகு வண்டியை நிறுத்தி மின்வழங்கலைச் சரிபார்க்குமாறும் எச்சரிக்கைகள் வருகின்றன. வேகம் படிப்படியாகக் குறைகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் பயனில்லை. கடைசியில் வண்டி நின்றுவிடுகிறது. சிலருக்கு இது ஓட்டத்தில் நேரவில்லை. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது சார்ஜும் ஏறவில்லை, வண்டியும் விழிக்கவில்லை. இப்படி வந்த 30 புகார்களின் அடிப்படையில் 2023 ஜூனில் என்ஹெச்டிஎஸ்ஏ தொடக்க நிலை விசாரணையைத் தொடங்கியது. 2022 மாடல் ஐயோனிக் 5 வண்டிகள் ஏறத்தாழ 39,500 அதன் வரம்புக்குள் வந்தன.

2024 மார்ச்சில் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்புகள் வந்தன. அமெரிக்காவில் ஐயோனிக் 5, ஐயோனிக் 6, ஹூண்டாயின் சொகுசுப் பிராண்டான ஜெனிசிஸின் மின்சார மாடல்கள் என 98,878 வண்டிகள். தென்கொரியாவில் ஹூண்டாய், கியா இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 1,70,000 வண்டிகள். இந்தியாவில் 2024 ஜூனில் 1,744 ஐயோனிக் 5 வண்டிகளும், அடுத்த மாதம் இதே தளத்தில் அமைந்த கியா இவி6 வண்டிகள் 1,138-உம் திரும்ப அழைக்கப்பட்டன. இந்திய ஐயோனிக் 5 ரீகால் 2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரிக்கப்பட்டவற்றுக்கானது. அதாவது, அறிமுகமான நாளிலிருந்து அதுவரை நம் நாட்டில் விற்ற ஐயோனிக் 5 பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். பரிகாரம் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஐசிசியுவின் மென்பொருளைப் புதுப்பிப்பது, சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் பெட்டியையும் அதன் ஃப்யூஸையும் இலவசமாக மாற்றிக் கொடுப்பது.

என் வருத்தம் இந்தப் பரிகாரத்தைப் பற்றியது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டாவது ரீகால் அறிவிக்கப்பட்டது. அதன் எண்ணிக்கை 1,45,235. அது முதல் ரீகாலை விரிவாக்கி, அதற்குப் பதிலாகவே வந்தது. முதல் ரீகாலில் வேலை முடித்துச் சென்ற வண்டிகளும் மறுபடியும் வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. கியாவும் இவி6 வண்டிகளை இரண்டாம் முறை அழைத்தது. இந்தியாவிலும் 2025 பிப்ரவரியில் 1,380 இவி6 வண்டிகள் மீண்டும் அழைக்கப்பட்டன. ஏழெட்டு மாதத்துக்குள் அதே கோளாறுக்கு அதே வண்டியை மறுபடியும் அழைக்க நேர்ந்தால், முதல் மருந்து போதவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொள்வதாகத்தான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். மின்சாரம் ஏறும் விதத்தை மென்பொருளால் மென்மையாக்கலாம். மாஸ்ஃபெட்டின் மேல் விழும் சுமை அதனால் குறையலாம். ஆனால் ஏற்கெனவே பல நூறு முறை சூடாகிக் குளிர்ந்து தளர்ந்துபோன கூறு, மென்பொருள் மாறியதால் புதியதாகிவிடாது. இதை அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் ரீகாலின்போது, அழைக்கப்பட்ட வண்டிகளில் 1 சதவீதத்தில்தான் இந்தக் குறை இருக்கும் என்று நிறுவனம் மதிப்பிட்டது. நூறில் ஒன்று என்பது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கிறார்கள். டோர் பேடு சலசலக்கும் வண்டி நூறில் ஒன்று என்றால் நானும் கவலைப்பட மாட்டேன். இங்கே அந்த ஒன்று, இரவு பதினொரு மணிக்கு திண்டிவனம் தாண்டி, பின்னால் ஆம்னி பேருந்துகள் விளக்கடித்துக்கொண்டு வரும் சாலையில் வேகம் இழக்கும் வண்டி. எச்சரிக்கை வந்த உடனேயே வண்டி அப்படியே நின்றுவிடுவதில்லை, இடதுபுறம் ஒதுங்க அவகாசம் கிடைக்கிறது என்பது உண்மைதான். அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த அவகாசத்தைப் பயன்படுத்த, திரையில் வந்த வாசகத்தின் பொருள் ஓட்டுநருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான ஏதோ ஒரு சென்சார் கோளாறு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து அடுத்த சுங்கச்சாவடி வரை ஓட்ட முயல்பவர், நடுப்பாதையில் நிற்க நேரும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் திரையையும் இருக்கைச் சூட்டையும் அரைமணி நேரம் விளக்கிக் காட்டுபவர்கள், இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

நின்றுவிட்ட பிறகு நேரும் சங்கடங்களையும் சொல்ல வேண்டும். 12 வோல்ட் முழுவதும் இறங்கிய நிலையில் ரிமோட் சாவிக்குக் கதவு திறக்காது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இயந்திரச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறக்க வேண்டும். கியரும் ஹேண்ட் பிரேக்கும் மின்சாரத்தால் இயங்குபவை என்பதால், வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவரவும் 12 வோல்ட் தேவை. எனவே இழுவை வண்டியை அழைக்கும்போது, நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டை வண்டிதான் வேண்டும் என்றும், ஜம்ப் பேக் ஒன்று கையோடு கொண்டுவர வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பின்சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுத்துச் செல்வது மோட்டாருக்குக் கேடு.

இந்த வண்டிகள் நின்றாலே ஐசிசியுதான் காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. 12 வோல்ட் பேட்டரி சாதாரணமாகவே வயதாகி இறங்கும். டேஷ்கேமை நிறுத்தியிருக்கும் நிலையிலும் பதிவு செய்ய விடுவது, வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஏதாவது ஒரு கருவியைச் செருகியே வைத்திருப்பது, செயலியைத் திறந்து வண்டியின் நிலையை அடிக்கடி பார்ப்பது ஆகிய மூன்றும் அதைத் தூங்கவிடாமல் சுரண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்து, வாரக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும் வண்டிகளில் இது கூடுதல். பெரிய பேட்டரியிலிருந்து சிறிய பேட்டரிக்கு அவ்வப்போது ஏற்றிக்கொள்ளும் வசதி வண்டியில் இருக்கிறது. மெனுவில் அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஐசிசியு கோளாறையும் பேட்டரி இறங்கியதையும் பிரித்தறிய நானூறு, ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். முன்பக்க பானெட்டைத் திறந்து, 12 வோல்ட் பேட்டரியின் சிவப்பு முனையிலும் கறுப்பு முனையிலும் கம்பிகளை வையுங்கள். வண்டி அணைந்து சில மணி நேரம் ஆன நிலையில் 12.5-ஐ ஒட்டி இருந்தால் பேட்டரி நலம். பிறகு பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தி, ரெடி நிலைக்குக் கொண்டுவாருங்கள். எண் உடனே ஏற வேண்டும்; மைத்துனரின் வண்டியில் அது 14-ஐத் தாண்டி நின்றது. வண்டி தேவைக்கேற்ப இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் 13-ஐ ஒட்டி இருந்தாலும் பதற வேண்டியதில்லை. ரெடி நிலையில் ஏறாமல் 12-இலேயே நின்று, விளக்கைப் போட்டதும் மேலும் இறங்கிக்கொண்டே போனால், சிறு பேட்டரிக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள். அந்த நிலையில் புதிய பேட்டரி வாங்கிப் போடுவது வீண் செலவு. ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டிச் செல்ல முயல்வது ஆபத்து. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு சர்வீஸ் மையத்தை அழைத்துச் சொல்லுங்கள். அளவு காட்டிய மீட்டரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் பேச்சுக்கு இடமில்லாமல் இருக்கும்.

வாரண்டி விஷயத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே இந்த வண்டிக்குப் பொதுவான வாரண்டி மூன்று ஆண்டு, கிலோமீட்டர் வரம்பு இல்லை. பெரிய பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது எட்டு ஆண்டு என்ற எண்தான். ஆனால் ஐசிசியு பேட்டரியின் உட்பகுதி அல்ல, தனிப் பெட்டி. 2023 தொடக்கத்தில் வாங்கியவர்களுக்கு மூன்று ஆண்டு என்பது 2026 தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. நாளடைவில் தளர்ந்து எரியும் ஒரு கூறு, வாரண்டி முடிந்த பிறகுதான் எரியும் என்றால் செலவு யாருடையது? ரீகாலுக்கு உட்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும், ஐசிசியு எத்தனை ஆண்டுக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு நிறுவனத்தின் பொறுப்பு என்பதை வண்டியின் அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். சர்வீஸ் ஆலோசகர் வாய்ச்சொல்லாகத் தரும் உறுதியை யாரும் ஏற்க வேண்டாம். மின்னஞ்சலில் கேளுங்கள், மின்னஞ்சலில் பதில் பெறுங்கள். மாற்றுப் பெட்டி எப்போது வரும், அதுவரை மாற்று வண்டி தருவார்களா என்ற இரண்டு கேள்விகளையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம்.

கோளாறு நேர்ந்தவர்கள் வாட்ஸாப் குழுவில் படம் போட்டுவிட்டு அமைதியாகிவிடுவது நம்மிடம் உள்ள பெரிய குறை. அமெரிக்காவில் விசாரணையைத் தொடங்கி வைத்தவை வெறும் 30 புகார்கள். ஆனால் அவை அரசு அமைப்பிடம் முறையாகப் பதிவானவை. நம் நாட்டிலும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவாகும் புகார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அந்த அதிகாரம் அசையும் என்பதால், குறைவாக விற்கும் இத்தகைய விலையுயர்ந்த வண்டிகளின் உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் பதிவு செய்வது மிக முக்கியம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. வண்டிக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னைக்கோ தில்லிக்கோ அலைய வேண்டியதில்லை. வேலை அட்டை, ரீகால் முடித்த ரசீது, இழுவை வண்டி ரசீது, திரையின் படம் ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கலாமா என்று கேட்டால், என் பதில் வீட்டைப் பொறுத்தது. வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, பெரும்பாலும் நகருக்குள் ஓடி, எழுத்து மூலமான ஐசிசியு உறுதியும் கிடைத்தால், இந்த விலையில் இதைவிட வசதியான மின்சாரக் கார் குறைவு, தயங்காமல் வாங்கலாம். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு, வாராவாரம் இரவில் நெடுந்தூரம் ஓடுபவர்கள், குறிப்பாகச் சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் பயணம் செய்பவர்கள், அந்த உறுதி கைக்கு வரும்வரை பொறுத்திருக்கலாம். ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தரவேண்டிய வண்டிக்கு மூன்றுதான் தருகிறேன். குறைத்த ஒன்றரையும் அந்த ஒரு பெட்டிக்காகவும், அதைப் பற்றி வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகப் பேசாததற்காகவும்.

இப்போது பழைய வண்டிச் சந்தையில் பாதி விலையைச் சொல்லிச் சில ஐயோனிக் 5 வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள், பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் அடிச்சட்ட எண்ணை வாங்கி, ரீகால் வேலை எந்தத் தேதியில் முடிந்தது, மென்பொருள் மட்டும் மாறியதா, பெட்டியே மாறியதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். கையோடு மல்டிமீட்டரைக் கொண்டுபோய் மேலே சொன்ன சோதனையையும், ஏசி சார்ஜரில் அரைமணி நேரம் போட்டுப் பார்க்கும் சோதனையையும் விற்பவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். ரீகால் ரசீதைக் காட்ட மறுப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.